கருவளமும் நுண்ணுயிர்ச் சமநிலையும்

வித்து நன்றாயினும் நிலம் நன்றன்றேல் பயிர் விளையாது என்பது உழவர் அறிந்த உண்மை. ஆயுள்வேத நூல்களுட் பழமை வாய்ந்த சுசுருத சங்கிதை மக்கட்பேற்றையும் இவ்வுவமை கொண்டே விளக்குகின்றது. பருவம், நிலம், நீர், வித்து என்னும் நான்கும் குறைவின்றிக் கூடியவிடத்து முளை தோன்றுவது போல, அவற்றையொத்த நான்கும் கூடியவிடத்துக் கருத் தோன்றும் என்பது அந்நூலின் கருத்து. ஈண்டு நிலம் எனப்பட்டது கருவைத் தாங்கும் உறுப்பாகும். வயல்நிலத்தின் வளம் மண்ணால் மட்டும் அமைவதன்று. மண்ணுள் வாழும், கண்ணுக்குப் புலனாகாத உயிர்களாலும் அமைவது என்பதைப் பிற்கால விஞ்ஞானம் காட்டிற்று. அவ்வாறே, கருவைத் தாங்கும் நிலத்தின் வாயிலிலும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடிகொண்டுள்ளன என்பதும், அவை ஒரு சமநிலையில் நிற்கும்வரை அந்நிலம் காக்கப்படுகின்றது என்பதும் கடந்த நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்த ஆராய்ச்சிகளால் தெளிவாகியுள்ளன.

இப்பொருள் வைத்தியர்க்கு மட்டும் உரியதென்று ஒதுக்கத்தக்கதன்று. மணமாகி ஆண்டு சில கழிந்தும் மகவு தோன்றாத இல்லங்களிற் பழி பெரும்பாலும் மனைவியின் தலையிலேயே முதலிற் சுமத்தப்படுகின்றது. மலடி என்னும் சொல் வழங்குமளவிற்கு மலடன் என்னும் சொல் வழங்குவதில்லை. மற்றொரு புறத்தே, பெண்ணுறுப்பைப் பற்றிய நோய்களை வாய்விட்டுக் கூற நாணி, ஆண்டுக்கணக்கில் அடக்கி வைத்திருக்கும் பெண்கள் பலர். பழிக்கும் நாணத்துக்கும் இடையில், அறிந்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய கேடுகள் வளர்கின்றன. எனவே இவ்விடயத்தில் உறுதியாக அறியப்பட்டது எது, இன்னும் ஐயத்துக்கு இடமாக நிற்பது எது என்பதைப் பகுத்து நோக்குதல் பயனுடைத்து.

டேடர்லைன் கண்ட கோலுயிர்

இவ்வாராய்ச்சியின் தோற்றம் கருவளத்தைப் பற்றியதன்று. பிரசவத்தின்பின் தாய்மாரைக் கொன்ற காய்ச்சலைப் பற்றியது. 1847 ஆம் ஆண்டில் வியன்னா நகரப் பெரு வைத்தியசாலையிற் பணிபுரிந்த செமல்வைசு என்னும் வைத்தியர், மருத்துவர் தம் கைகளைக் குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரிற் கழுவியபின் மகப்பேற்றுப் பணியில் ஈடுபட்டால் அக்காய்ச்சலால் நேரும் மரணம் பெரிதும் குறையும் எனக் காட்டினார். நோய் வெளியிலிருந்து கொண்டுவரப்படுகின்றது என்பது அதனாற் புலனாயிற்று. பின்னர் எழுந்த வினா யாதெனின், பெண்ணின் உடலுள் இயல்பாகவே இருக்கும் நுண்ணுயிர்களும் அக்காய்ச்சலுக்குக் காரணமாகுமோ என்பதாம்.

இவ்வினாவுக்கு விடை தேடியவர் அல்பேட் டேடர்லைன் என்னும் செருமானிய மகப்பேற்று வைத்தியர். இவர் 1892 ஆம் ஆண்டில் இலைப்சிக் நகரில் வெளியிட்ட நூலில், நலமுடைய பெண்களின் யோனிக் கசிவு புளிப்புத்தன்மை உடையதென்றும், அதில் நீண்ட கோல் போன்ற பற்றீரியங்கள் மிகுந்து காணப்படுகின்றன என்றும், அவை உண்டாக்கும் இலற்றிக் கமிலமே பிற தீய நுண்ணுயிர்கள் வளராது தடுக்கின்றது என்றும் விளக்கினார். கசிவின் புளிப்புக் குறைந்தவிடத்துக் கோலுயிர்கள் அருகி, பலவகைப்பட்ட பிற நுண்ணுயிர்கள் பெருகியிருப்பதையும் அவர் கண்டார். நுண்ணுயிர் என்றாலே நோய் என்று கருதப்பட்ட காலத்தில், உடலைக் காக்கும் நுண்ணுயிரும் உண்டு என்று கூறியது சிறந்ததொரு புதுமையாகும். டேடர்லைனின் கோலுயிர் என நெடுங்காலம் வழங்கிய அப்பற்றீரியம் இலற்றோபசிலசு என்னும் இனத்தைச் சார்ந்தது. பாலைத் தயிராக்கும் பற்றீரியங்களுக்கு இது நெருங்கிய உறவுடையது.

புளிப்புத் தோன்றும் முறை

இவ்வுறவை மனத்திற்கொண்டால் பொருள் எளிதில் விளங்கும். காய்ச்சிய பாலை உறை குத்தாது வைத்தால், காற்றிலிருந்து வீழும் எந்த நுண்ணுயிரும் அதிற் பெருகிப் பால் கெட்டு நாறும். உறையிட்ட பாலோ புளித்துத் தயிராகின்றது; அப்புளிப்பே பிற நுண்ணுயிர்களைத் தடுத்து அதனைச் சில நாள் காக்கின்றது. பெண்ணுடலில் நிகழ்வதும் இதனையே ஒத்தது. ஆனால் இங்கே உறையும் உண்டு; உறையிட்ட உயிருக்கு நாள்தோறும் உணவு வழங்கும் ஏற்பாடும் உண்டு.

பருவமெய்திய பெண்ணின் சூலகத்திற் சுரக்கும் ஈசுத்திரசன் என்னும் ஓமோன் யோனியின் உட்சுவரைத் தடிப்புறச் செய்கின்றது. அச்சுவரின் கலங்களில் கிளைக்கோசன் என்னும் மாப்பொருள் சேமிக்கப்படுகின்றது. மேற்படைக் கலங்கள் இடையறாது உதிரும்பொழுது கிளைக்கோசன் வெளிப்படுகின்றது. நொதியங்கள் அதனைச் சிறு வெல்லங்களாகச் சிதைக்க, இலற்றோபசிலசுகள் அவற்றை உண்டு இலற்றிக் கமிலத்தை வெளிவிடுகின்றன. புளிப்பை அளக்கும் பி.எச். என்னும் அளவுகோலில் 7 என்பது நடுநிலை. எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு வேறுபாட்டைக் குறிக்கும். நலமுடைய பெண்ணின் யோனியில் இப்பெறுமானம் ஏறக்குறைய 3.8 முதல் 4.5 வரை நிற்கின்றது. பருவமெய்தாத சிறுமியரிடத்தும், மாதவிடாய் முற்றாக நின்ற முதியோரிடத்தும் ஈசுத்திரசன் குறைவாதலின், கிளைக்கோசனும் குறைந்து புளிப்பும் தளர்கின்றது. ஆகவே கருத்தாங்கும் வயதிலேயே இக்காவல் வலுப்பெறுகின்றது என்பது கருதத்தக்கது.

இவ்வமைப்பு மனித இனத்துக்கே சிறப்பாக உரியது போலும். ஆராயப்பட்ட பிற பாலூட்டிகளில் யோனியின் பி.எச். நடுநிலையை அண்மியே நிற்கின்றது. இலற்றோபசிலசுகளும் மிகச் சிறு தொகையினவாகவே உள்ளன. மனிதப் பெண்ணிடத்து மட்டும் அவை ஆட்சி பெற்றமைக்குக் காரணம் இன்னதென்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

நுணுக்குக்காட்டியில் ஒரே தோற்றமுடையனவாகக் காணப்பட்ட கோலுயிர்கள் உண்மையிற் பல இனங்கள் என்பது பிற்காலத்துத் துணியப்பட்டது. நுண்ணுயிர்களை வளர்த்துப் பாராமலே, அவற்றின் பரம்பரைப் பதார்த்தத்தைப் படித்து இனங்காணும் முறை வந்தபின் இவ்வறிவு பெருகிற்று. 2011 ஆம் ஆண்டில் இரவெல் என்பாரும் அவரோடு சேர்ந்தோரும் வட அமெரிக்காவில் வாழும் 396 பெண்களை ஆராய்ந்து, அவர்தம் யோனி நுண்ணுயிர்க் கூட்டங்களை ஐந்து வகையாகப் பிரித்தனர். நான்கு வகைகளில் இலற்றோபசிலசு இனங்கள் நான்கனுள் ஒவ்வொன்று மேலோங்கி நின்றது. அவை கிறிசுபாற்றசு, கசெரி, இனேர்சு, யென்செனி எனப்படுவன. எஞ்சிய ஒரு வகையில் இலற்றோபசிலசுகள் அருகிப் பலவகைப் பற்றீரியங்கள் கலந்திருந்தன. வெள்ளை இனத்தவர், ஆசிய வழியினர் ஆகியோருள் முறையே நூற்றுக்கு 90, 80 பேர் அளவில் இலற்றோபசிலசு மேலோங்கிய வகையினர். கறுப்பினத்தவர், இசுப்பானிய வழியினர் ஆகியோருள் இத்தொகை 60 பேர் அளவினதே. நோயின் அறிகுறி யாதுமற்ற பெண்களிடத்தே இவ்வேறுபாடு காணப்பட்டமையால், சமநிலை என்பதற்கு எல்லார்க்கும் பொதுவான ஒரே இலக்கணம் வகுத்தல் எளிதன்று என்பது போதரும்.

நான்கு காவலரும் ஒரே தகுதியினர் அல்லர். கிறிசுபாற்றசு மிகுந்தவிடத்துச் சமநிலை உறுதியாக நிற்கின்றது. இனேர்சு என்பதோ இருதிறத்தாரோடும் ஒத்துப்போகும் இயல்பினது; நல்ல கூட்டத்திலும் அது காணப்படும், குலைந்த கூட்டத்திலும் எஞ்சி நிற்கும். ஆய்வுகூடங்களில் இலற்றோபசிலசுகளை வளர்க்கும் வழக்கமான ஊட்டத்தில் அது வளராமையால், 1999 ஆம் ஆண்டுவரை அது தனி இனமாக விவரிக்கப்படவில்லை. இலற்றோபசிலசுகளின் படைக்கலம் அவற்றுட் சில உண்டாக்கும் ஐதரசன் பேரொட்சைட்டே என்று ஒருகாலத்திற் கருதப்பட்டது. ஒட்சிசன் அரிதான அவ்விடத்தில் அப்பொருள் போதிய அளவு தோன்றாது என்பதும், இலற்றிக் கமிலமே முதன்மையான காவல் என்பதும் பின்னர்த் தெளிவாயின. டேடர்லைனின் கூற்றே ஈற்றில் வலுப்பெற்றது.

விந்துயிர் கடக்கும் வழி

இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. தீய நுண்ணுயிர்களைக் கொல்லும் புளிப்பு விந்துயிரையும் கொல்லாதோ? கொல்லும் என்பதே விடை. புளிப்பில் விந்துயிர் விரைவில் அசைவிழந்து அழியும். அங்ஙனமாயின் கருக்கட்டல் நிகழ்வது எவ்வாறு?

இயற்கை இதற்கு இருவகை ஏற்பாடு செய்துள்ளது. முதலாவது, விந்துநீர் காரத்தன்மை உடையது, அதன் பி.எச். 7.2 முதல் 8 வரை ஆகும். அது சேர்ந்த சிறிது நேரத்திலேயே சூழலின் புளிப்பு நடுநிலையடைந்து, விந்துயிர் கருப்பைக் கழுத்தை அடையும்வரை தணிந்து நிற்கின்றது. இரண்டாவது, கருப்பைக் கழுத்திற் சுரக்கும் சளியம். மாதத்தின் பெரும்பாலான நாட்களில் அது தடித்துக் கதவு போல வாயிலை அடைத்து நிற்கும். சூல் வெளிப்படும் நாட்களை அண்மி, ஈசுத்திரசன் உச்சமடையும்பொழுது, அது நீர்த்து, இழுபட்டு, காரத்தன்மை எய்தி விந்துயிர்க்கு வழிவிடுகின்றது. அச்சளியத்துள் விந்துயிர் ஐந்து நாள்வரையும் உயிரோடிருத்தல் கூடும். இவ்வாறு, காவலும் உண்டு, காலமறிந்து திறக்கும் கதவும் உண்டு. இயல்பான புளிப்புக் கருவளத்துக்குப் பகையன்று என்பதும், கருவை வேண்டி அப்புளிப்பைச் செயற்கையாக நீக்க முயல்வது பேதைமை என்பதும் இதனாற் பெறப்படும்.

சமநிலை குலைதல்

இலற்றோபசிலசுகள் குறைந்து, ஒட்சிசனை வேண்டாத பிற பற்றீரியங்கள் பன்மடங்கு பெருகும் நிலை பற்றீரிய யோனிப்பிறழ்வு எனப்படும். மேலைநாட்டு வைத்தியர் இதனை நெடுங்காலம் காரணந் தெரியாத யோனியழற்சி என்றே வழங்கினர். 1955 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இயூசுத்தன் நகரைச் சேர்ந்த கார்டினர், டியூக்சு என்னும் இருவர், இதற்குக் காரணமான பற்றீரியத்தைக் கண்டதாக அறிவித்தனர். அதுவே 1980 இல் கார்டினரின் பெயரால் கார்டினரெல்லா எனப் பெயர்மாற்றம் பெற்றது.

அவ்விருவரும் நடத்திய சோதனையொன்று அவர்தம் முடிவினும் ஆழ்ந்த உண்மையைப் புலப்படுத்துகின்றது. தனித்து வளர்த்த அப்பற்றீரியத்தை நலமுடைய பெண்கள் 13 பேரிடத்துச் செலுத்தியபொழுது ஒருவருக்கே நோய் கண்டது. நோயுற்றோரின் கசிவை அப்படியே 15 பேரிடத்துச் செலுத்தியபொழுது 11 பேருக்கு நோய் கண்டது. இத்தகைய சோதனை இன்றைய மருத்துவ அறத்துக்கு ஒவ்வாதது. ஆயினும் அது காட்டும் உண்மை தெளிவானது: நோய்க்குக் காரணம் ஒரு தனி நுண்ணுயிர் அன்று, ஒரு கூட்டம் போய் மற்றொரு கூட்டம் குடியேறுதலே காரணம். வாந்திபேதிக்கும் கசநோய்க்கும் ஒவ்வொரு கிருமி காரணமாவது போன்றதன்று இது. களை மண்டிய வயலில் எந்த ஒரு களையையும் குற்றவாளியாகச் சுட்டவியலாமை போல்வது.

இந்நிலையை அறிய 1983 ஆம் ஆண்டில் நான்கு அடையாளங்கள் வகுக்கப்பட்டன. வெண்மையோ சாம்பனிறமோ உடைய, ஒரே சீராக நீர்த்த கசிவு, 4.5 இற்கு மேற்பட்ட பி.எச்.; காரத் துளி சேர்த்தவிடத்து எழும் மீன்வாடை; பற்றீரியங்கள் விளிம்பு தெரியாதவாறு அப்பியிருக்கும் சுவர்க்கலங்கள் என்பன அவை. இவற்றுள் மூன்று இருப்பின் பிறழ்வு உண்டெனக் கொள்ளப்படும். 1991 ஆம் ஆண்டில், சாயமூட்டிய கசிவை நுணுக்குக்காட்டியில் நோக்கி 0 முதல் 10 வரை புள்ளியிடும் முறை வந்தது. 7 உம் அதற்கு மேலும் பெற்றால் பிறழ்வு என்பது அதன் விதி.

உலகெங்கும் கருத்தாங்கும் வயதுடைய பெண்களுள் நூற்றுக்கு 23 முதல் 29 பேர் வரை இந்நிலையில் உள்ளனர் எனத் தொகுப்பாய்வு ஒன்று 2019 இற் கணித்தது. 2001 முதல் 2004 வரை ஐக்கிய அமெரிக்காவில் நடந்த தேசியக் கணிப்பில், இந்நிலை காணப்பட்ட பெண்களுள் நூற்றுக்கு 84 பேர் தமக்கு யாதொரு தொல்லையும் இல்லை என்றே கூறினர். இவ்வாறு ஓசையின்றி நிற்பதே இந்நோயின் இயல்பு. மறுதலையாக, வெள்ளைப்படுதல் எல்லாம் நோயன்று. நாற்றமும் அரிப்பும் அற்ற, மாதத்தின் நாட்களுக்கேற்ப மிகுந்தும் குறைந்தும் வரும் தெளிந்த கசிவு உடலின் இயல்பான தொழிலேயாம். அதனை உடலின் சாரம் வடிவதாகக் கருதி அஞ்சி மெலிவோர் தெற்காசிய நாடுகளிற் பலராவர்.

கருவளத்துக்கு நேரும் இடர்

குலைந்த சமநிலை கருவளத்தைத் தாக்கக்கூடிய வழிகள் மூன்று.

முதலாவது, நோய் மேலேறுதல். யோனியிலிருந்து கருப்பைக் கழுத்தையும் கருப்பையையும் கடந்து பலோப்பியன் குழாய்கள்வரை செல்லும் வழி தொடர்ச்சியானது. பிறழ்வின்போது பெருகும் பற்றீரியங்கள் சில, கழுத்துச் சளியத்தைச் சிதைக்கும் நொதியங்களைச் சுரக்கின்றன, கதவு அரிக்கப்படுகின்றது. பாலுறவால் தொற்றும் கிளமிடியா, கொனோறியா முதலிய நோய்களும் புளிப்புக் காவல் தளர்ந்தவிடத்து எளிதிற் பற்றுகின்றன. கிளமிடியாவின் திறம் இவ்விடத்துச் சிறப்பாக எடுத்துக்கூறத்தக்கது. அக்கிருமியை ஒடுக்குதற்கு உடல், அதற்கு இன்றியமையாத திரித்தோபன் என்னும் உணவுப்பொருளைக் கிடையாதவாறு செய்துவிடும். ஆனால் பிறழ்வுக் கூட்டத்துப் பற்றீரியங்கள் சில இந்தோல் என்னும் பொருளை வெளிவிடுகின்றன. கிளமிடியா அதனைக் கொண்டு தனக்கு வேண்டிய திரித்தோபனைத் தானே ஆக்கிக்கொண்டு பிழைத்துவிடுகின்றது. முற்றுகையிடப்பட்ட கோட்டைக்குச் சுரங்க வழியே உணவு செல்வதை இது ஒக்கும்.

மேலேறிய தொற்று பலோப்பியன் குழாய்களை அழற்சியுறச் செய்து, ஆறியபின் வடு விட்டு, வழியை அடைத்துவிடும். சூலும் விந்துயிரும் சந்திக்கும் இடம் அதுவேயாதலின், அடைபட்ட குழாய் மலட்டுத்தன்மைக்கு நேரான காரணமாகும். சுவீடனின் இலுண்டு நகரில் 1960 முதல் 1984 வரை இடுப்புறுப்பு அழற்சியுற்ற பெண்களைத் தொடர்ந்து நோக்கிய ஆராய்ச்சி 1992 இல் வெளிவந்தது. ஒருமுறை அழற்சியுற்றவருள் நூற்றுக்கு 8 பேரும், இருமுறை உற்றவருள் ஏறக்குறைய 20 பேரும், மும்முறையோ அதற்கு மேலோ உற்றவருள் 40 பேரும் குழாய் கெட்டுக் கருவளம் இழந்தனர் என்பது அதன் முடிவு. காலந்தாழ்த்தலின் விலை இவ்வெண்களில் உள்ளது.

இரண்டாவது வழி, முளையம் கருப்பையிற் பதியும் இடத்தில் நேரும் தடை. கருப்பையின் உள்ளகம் நுண்ணுயிரற்றது என்று நெடுங்காலம் கொள்ளப்பட்டது. அங்கும் மிகச் சிறு தொகையில் அவை உள என்று பிற்கால ஆய்வுகள் சில கூறுகின்றன. அங்கே தீய பற்றீரியங்கள் மிகுந்தால் உண்டாகும் அழற்சி, முளையம் பதிவதற்கு வேண்டிய அமைதியைக் கெடுக்கும் என்பது கருத்து. மூன்றாவது, பதிந்த கரு மிக ஆரம்பத்திலேயே அழிந்துபோதல்.

சான்றுகளும் அவற்றின் எல்லையும்

2013 ஆம் ஆண்டில் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று, மகப்பேறற்ற பெண்களிடத்துப் பற்றீரியப் பிறழ்வு பிறரிடத்தினும் மிகுந்து காணப்படுகின்றது என்றும், அவருள்ளும் குழாய் கெட்டவரிடத்து மிக மிகுந்துள்ளது என்றும் காட்டிற்று. மேற்கூறிய முதல் வழிக்கு இது பொருந்திய சான்று. ஆயினும், உடலுக்கு வெளியே கருக்கட்டச் செய்து முளையத்தைக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை பெற்றோருள், பிறழ்வு உடையாரும் இல்லாரும் ஒத்த அளவிலேயே கருத்தரித்தனர் என்பதையும், மிக ஆரம்பக் கருவழிவு மட்டும் பிறழ்வுடையாரிடத்து மிகுந்திருந்தது என்பதையும் அதே ஆய்வு கூறிற்று.

2016 ஆம் ஆண்டில் டென்மார்க்கிலிருந்து வந்த ஆய்வொன்று வேறு விதமாகப் பேசிற்று. அத்தகைய சிகிச்சையை முடித்த 84 பெண்களுள் 29 பேர் கருவுற்றனர். நுண்ணுயிர்க் கூட்டம் குலைந்திருந்த 22 பேருள் கருவுற்றோர் இருவரே. அதே ஆண்டில் இசுப்பானிய ஆராய்ச்சியாளர் 35 பெண்களின் கருப்பை உள்ளகத்தை ஆராய்ந்து, இலற்றோபசிலசு நூற்றுக்கு 90 இற்கு மேற்பட்டவரிடத்து உயிருடன் பிள்ளை பெற்றோர் நூற்றுக்கு 58.8 என்றும், குறைந்தவரிடத்து 6.7 என்றும் அறிவித்தனர். இவ்வெண்கள் பெரும் நம்பிக்கையை ஊட்டின. சமநிலையை மீட்டால் மகப்பேறு கைகூடும் எனப் பலர் கருதினர்.

விஞ்ஞானம் இவ்விடத்தே நிற்கவில்லை. இரு நிகழ்ச்சிகள் சேர்ந்து காணப்படுதல் ஒன்று. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாதல் வேறொன்று. சோதித்துப் பார்த்தாலன்றி இவற்றைப் பிரித்தறிதல் அரிது. சோதிக்க முன்வந்தவர்கள் டென்மார்க்கின் அதே ஆராய்ச்சியாளரே. நுண்ணுயிர்ச் சமநிலை குலைந்த 338 பெண்களை மூன்று குழுவாக்கி, ஒரு குழுவுக்குக் கிளிந்தமைசின் என்னும் மருந்தும் அதன்பின் கிறிசுபாற்றசு உயிரும், மற்றொரு குழுவுக்குக் கிளிந்தமைசின் மட்டும், மூன்றாவது குழுவுக்கு மருந்தற்ற வெற்றுப்பொருளும் கொடுத்தனர். 2025 இல் வெளிவந்த முடிவின்படி மூன்று குழுவினரும் ஏறக்குறைய ஒரே அளவிலேயே கருவுற்றனர். தம் முந்திய கருத்துக்கு அரணாகாத முடிவையும் மறையாது வெளியிட்ட அவ்வாராய்ச்சியாளரின் நேர்மை போற்றத்தக்கது.

இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்து நோக்கின் பெறப்படுவது இது. சமநிலை குலைதல், தொற்று மேலேறுதற்கும் குழாய் கெடுதற்கும் வழிகோலும் ஒரு காரணி என்பதற்குத் தக்க ஆதாரம் உண்டு. நலமுடைய குழாய் உள்ளவிடத்து, அப்பிறழ்வு ஒன்றே கருத்தரித்தலைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பிறழ்வு நிலையிலேயே கருவுற்று நலமே மகப்பெற்ற பெண்கள் எண்ணிறந்தோர். ஆதலால் சமநிலையை வருமுன் காக்கும் வேலியாகக் கொள்ளலாமேயன்றி, மகப்பேற்றைத் தரும் மருந்தாகக் கொள்ளலாகாது.

பரிகாரம்

தொல்லை தரும் பிறழ்வுக்கு மெற்றோனிடசோல், கிளிந்தமைசின் என்னும் மருந்துகளை வைத்தியர் வழங்குகின்றனர். உடனடிக் குணம் பெரும்பாலும் கிட்டும். ஆயின் ஓராண்டுக்குள் பாதிக்கு மேற்பட்டோரிடத்து நோய் மீள்கின்றது. களையைப் பிடுங்கிய நிலத்திற் பயிர் ஊன்றாதுவிடின் களையே மீண்டும் முளைப்பது போன்றது இது. இக்குறையை நீக்க, மருந்தின்பின் கிறிசுபாற்றசு உயிரையே செலுத்தும் முறை அமெரிக்காவிற் சோதிக்கப்பட்டது. 228 பெண்கள் பங்குகொண்ட அச்சோதனையின் முடிவு 2020 இல் வெளிவந்தது. பன்னிரண்டு வாரத்துள் நோய் மீண்டோர் உயிர் செலுத்தப்பட்டவருள் நூற்றுக்கு 30 பேர்; செலுத்தப்படாதவருள் 45 பேர்.

இதனினும் சிந்தனைக்குரிய முடிவு 2025 இல் அவுத்திரேலியாவிலிருந்து வந்தது. இந்நோய் பெண்ணினதே என்று கருதி, பெண்ணுக்கே மருந்து கொடுப்பது அதுவரை வழக்கம். ஆங்கு 164 தம்பதியரிடத்து நடந்த சோதனையில், ஒரு சாராருட் கணவன்மார்க்கும் ஏழு நாள் மருந்து கொடுக்கப்பட்டது. மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்தவிடத்து நூற்றுக்கு 63 பேரிடம் நோய் மீண்டது. இருவருக்கும் கொடுத்தவிடத்து 35 பேரிடமே மீண்டது. ஆணின் உடலிலும் அப்பற்றீரியங்கள் தங்கி மீண்டும் மீண்டும் பெண்ணை அடைகின்றன என்பது இதனால் வலுப்பெற்றது. மனைவியை மட்டும் நோக்கி நீட்டிய விரலை மடக்குதற்கு இச்சான்று ஒன்றே போதும்.

வீட்டளவிற் செய்யத்தக்கனவும் தவிர்க்கத்தக்கனவும் சில உள. உறுப்பின் உட்புறத்தைச் சவர்க்காரத்தாலும் கிருமிநாசினியாலும் நறுமண நீராலும் கழுவுதல் தூய்மையாகாது. காவல் உயிர்களையும் அவற்றின் புளிப்பையும் கழுவி எறிதலேயாகும். அவ்வாறு கழுவுவோரிடத்தே பிறழ்வு மிகுந்து காணப்படுகின்றது. வெளிப்புறத்தை நீரால் மென்மையாகக் கழுவுதல் போதுமானது. தயிரை உள்ளே பூசுதலும் பயன்தருமென நிறுவப்படவில்லை. தயிரின் பற்றீரியங்கள் அவ்விடத்துக்குரிய இனங்கள் அல்ல. தயிர் உண்ணத்தக்க நல்லுணவு என்பதோடு அமைதல் தகும். புகைத்தலும் இந்நோயோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்டுள்ளது. துர்நாற்றமும் நிறம் மாறிய கசிவும் அடிவயிற்று நோவும் காய்ச்சலும் கண்டவிடத்துத் தாமதியாது வைத்தியரை நாடல் வேண்டும். கிளமிடியா பெரும்பாலும் அறிகுறியின்றியே இருத்தலால், ஐயமுள்ளவிடத்துத் தம்பதியர் இருவரும் சோதனைக்கு உட்படுதல் முறை.

முடிவுரை

உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்தோருள் ஏறக்குறைய அறுவருள் ஒருவர் வாழ்வில் ஒருகாலத்தில் மகப்பேறின்மையால் வருந்துகின்றனர். அத்துன்பத்துக்குக் காரணம் பெண்ணிடத்தும் இருக்கலாம்; ஆணிடத்தும் இருக்கலாம்; இருவரிடத்தும் இருக்கலாம்; எவரிடத்தும் புலனாகாமலும் போகலாம். நுண்ணுயிர்ச் சமநிலை அக்காரணங்கள் பலவற்றுள் ஒன்றன் ஒரு கூறு மட்டுமே. அதனை மிகைப்படுத்தி, இன்ன குளிகை உண்டால் பிள்ளை பிறக்கும் என்று விற்பாரும் உளர்; அதனைப் பற்றிப் பேசுதலே தகாதென்று வாய்மூடுவாரும் உளர். இரு திறத்தாராலும் இழப்புறுபவள் பெண்ணே.

சுசுருதர் கூறிய நான்கனுள் நிலம் ஒன்றே. ஏனைய மூன்றும் உள. நிலமும் உழுவாரின்றித் தானே கெடுவது அரிது. பெண்பிள்ளைகளுக்குத் தம் உடலின் இயல்பைக் கூச்சமின்றி எடுத்துக்கூறும் தாய்மாரும், நோயை மறையாது சொல்லும் மனைவியும், அவளோடு தானும் சோதனைக்கு வரும் கணவனும், நோயாளியின் நாணத்தை மதித்து வினவும் வைத்தியரும் அமைந்த சமுதாயத்தில், குழாய் கெடுமுன் தொற்று அறியப்படும். ஒரு நூற்றாண்டு ஆராய்ச்சி தந்த அறிவின் நேரான பயன் அதுவேயாகும்.